ஸ்லாய்டு: வீட்டுக் கைவேலை கல்வியான வரலாறு

ஸ்வீடன் நாட்டு மொழியில் 'ஸ்லாய்டு' என்றால் கைவேலை. கை நேர்த்தியையும் சாமர்த்தியத்தையும் குறித்த பழைய சொல் ஒன்றிலிருந்து பிறந்த பெயர் இது. வீட்டுக்கு வேண்டிய சாமான்களையும் வேண்டியவர்களுக்குக் கொடுக்கும் பரிசுகளையும் வீட்டிலேயே தம் கையால் செய்துகொள்ளும் வழக்கத்தை அந்நாட்டு மக்கள் இந்தப் பெயரால் அழைத்தார்கள். குளிர்காலத் தேவையாகத் தொடங்கிய அந்த வழக்கம், ஆலைப் பொருள்கள் வந்ததும் தளர்ந்தது. பிறகு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து உயிர் பிழைத்தது. இன்றும் ஸ்வீடனில் ஆண், பெண் என்ற வேறுபாடில்லாமல் எல்லாப் பிள்ளைகளும் படிக்கும் கட்டாயப் பாடமாக அது நிற்கிறது.

குளிர்காலமும் கைவேலையும்

ஸ்வீடனின் நிலமும் பருவமும் இந்த வழக்கத்துக்கு அடிப்படை. டிசம்பர் மாதத்தில் ஸ்டாக்ஹோமில் பகல் வெளிச்சம் ஏறத்தாழ 6 மணி நேரம்தான். வடகோடியில் சில வாரங்களுக்குச் சூரியன் உதிப்பதே இல்லை. பனி மூடிய வயலில் உழவுக்கு வழியில்லை. கோடையில் உழைத்துச் சேர்த்த தானியத்தை வைத்துக்கொண்டு, குடும்பம் முழுவதும் மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டும். அந்த நீண்ட இரவுகளில் அடுப்பு நெருப்பின் வெளிச்சத்தைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து வேலை செய்தார்கள். தனியாகப் பட்டறை என்று ஒன்று பெரும்பாலான வீடுகளில் கிடையாது. சமைத்துச் சாப்பிட்டு உறங்கும் அதே அறைதான் பட்டறை.

காடு பக்கத்திலேயே இருந்ததால் மரத்துக்குப் பஞ்சமில்லை. ஆண்கள் கரண்டி, அகப்பை, கிண்ணம், வாளி, வைக்கோல் வாரும் வாருகோல், பனியில் சறுக்கிச் செல்லும் கட்டைகள், கோடரிக் காம்பு ஆகியவற்றைச் செய்தார்கள். கருவிகள் அதிகம் இல்லை. ஒரு கோடரி, ஒரு கத்தி, குடைவதற்கு வளைந்த உளி. பெரும்பாலான பொருள்களுக்கு இவை போதும். கரண்டிக்கும் கிண்ணத்துக்கும் பிர்ச் மரம் உகந்தது. அதை வெட்டிய ஈரம் காயுமுன், பச்சையாக இருக்கும்போதே செதுக்குவார்கள். பச்சை மரம் கத்திக்கு இணங்கும். வேண்டிய வடிவம் வந்தபின் நிழலில் மெல்ல உலர்த்தினால் வெடிக்காமல் இறுகும். பிர்ச் மரத்தின் பட்டையை நாடாவாக உரித்துக் கூடையும் முதுகுப்பையும் பின்னினார்கள். ஸ்ப்ரூஸ் மரத்தின் வேரைப் பிளந்து கூடை முடைந்தார்கள்.

பெண்களின் பங்கு இதற்குக் குறைந்ததில்லை. ஆட்டு உரோமத்தைச் சிக்கெடுத்து நூற்பது, ஆளிச் செடியின் தண்டை ஊறவைத்து, அடித்து, நார் பிரித்து நூலாக்குவது, அந்த நூலைத் தறியிலிட்டு லினன் துணி நெய்வது, தைப்பது, பின்னுவது என்று ஒரு குடும்பத்தின் உடையும் படுக்கையும் அவர்கள் கையிலிருந்தே வந்தன. சிறுவர்கள் பெரியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்தே பழகினார்கள்.

பரிசாகக் கொடுத்தவை

பயன்பாட்டுப் பொருளே பரிசாகவும் இருந்தது இந்த வழக்கத்தின் அழகு. மணம் பேசும் இளைஞன் தான் விரும்பும் பெண்ணுக்குத் தன் கையால் செதுக்கிய பொருளைக் கொடுப்பது ஸ்காண்டிநேவிய நாடுகளில் பரவலான மரபு. அவற்றுள் பேர்பெற்றது துணியை மழமழப்பாக்கும் பலகை. ஈரமான லினன் துணியை ஓர் உருளையில் சுற்றி, அதன்மேல் இந்த நீண்ட பலகையை வைத்து அழுத்தி முன்னும் பின்னும் உருட்டினால் சுருக்கம் போகும். இஸ்திரிப் பெட்டி வருவதற்கு முன் துணி தேய்த்த முறை இது. பலகையின் மேற்புறத்தில் வட்டப் பூக்கள், இதயம், பெண்ணின் பெயரெழுத்துகள், செய்த ஆண்டு ஆகியவற்றைச் செதுக்குவார்கள். கைப்பிடியைக் குதிரை உருவில் அமைப்பதும் உண்டு. ஆளித் தண்டை அடிக்கும் மரக்கத்தி, நூற்கும்போது நாரைத் தாங்கும் கோல், வாருகோல் ஆகியவையும் இப்படியே பரிசாகச் சென்றன.

அழகாகச் செதுக்கிய பலகையைப் பார்க்கும் பெண் வீட்டார், அதில் அன்பை மட்டும் பார்க்கவில்லை. இவன் கைக்கு வேலை தெரியும், பொறுமை உண்டு, நாளை ஒரு குடும்பத்தை நடத்துவான் என்பதற்கும் அது சான்று. பெண்ணும் தான் நூற்று நெய்த துணிகளைத் திருமணத்துக்கென்று சேர்த்து வைத்தாள். இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் இத்தகைய பலகைகள் பல, 17, 18ஆம் நூற்றாண்டுகளின் ஆண்டுக் குறிப்போடு இருக்கின்றன.

குழந்தைகளுக்கான பரிசும் இந்த அடுப்படியிலிருந்தே வந்தது. டாலர்னா மாநிலத்தின் மோரா வட்டாரத்தில், மிஞ்சிய மரத்துண்டில் செதுக்கிய குதிரை பொம்மை விளையாட்டுச் சாமானாகத் தொடங்கிப் பிறகு விற்பனைப் பொருளாகியது. செந்நிறம் பூசிப் பூவேலை தீட்டிய அந்தக் குதிரை, 1939ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஸ்வீடன் அரங்கின் வழியாக உலகப் புகழ் பெற்றது.

வீட்டிலிருந்து சந்தைக்கு

வளம் குறைந்த வட்டாரங்களில் கைவேலை வருமானத்துக்கும் வழியானது. நகரங்களில் கைத்தொழில் செய்யும் உரிமை கைவினைஞர் குழுமங்களின் பிடியில் இருந்தது. நாட்டுப்புறத்தார் வீட்டில் செய்த பொருளை விற்பதற்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. மேற்கு ஸ்வீடனின் ஒரு பகுதி மக்கள் மட்டும் ஊர் ஊராகச் சென்று துணியும் மரச்சாமானும் விற்பதில் பேர்பெற்றிருந்தார்கள். அந்த வணிகத்தை ஒழுங்குபடுத்த அரசர் இரண்டாம் குஸ்டாவ் அடால்ஃப் 1621இல் போராஸ் நகரத்தை நிறுவினார். பிற்காலத்தில் ஸ்வீடனின் நெசவுத் தலைநகரமாக வளர்ந்தது அந்த ஊர்தான். 1846இல் பழைய குழும முறை ஒழிக்கப்பட்டது. 1864இல் யாரும் எந்தத் தொழிலும் செய்யலாம் என்ற முழு உரிமை வந்தது.

உரிமை வந்தபோது வேலை போய்க்கொண்டிருந்தது. ஆலைத் துணியும் இரும்புச் சாமானும் மலிவாகச் சந்தைக்கு வந்தன. ஒரு வாளியைச் செய்ய மூன்று இரவு உழைப்பதைவிடக் காசு கொடுத்து வாங்குவது எளிதானது. கைவேலை ஓய்ந்த குளிர்கால இரவுகளைச் சாராயம் பிடித்துக்கொண்டது என்று சீர்திருத்தக்காரர்கள் கவலைப்பட்டார்கள். வீட்டிலேயே சாராயம் காய்ச்சுவது அதுவரை பரவலான பழக்கம். 1850களில் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். 1867 தொடங்கி அடுத்தடுத்து விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறின. அழிந்துவரும் கைவேலையை மீட்டால் வறுமையும் குடியும் குறையும் என்ற நம்பிக்கையில், ஊர்ப்புறங்களில் ஸ்லாய்டுப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். அப்போதைய நோக்கம் பொருளாதாரமே.

பின்லாந்தில் பிறந்த எண்ணம்

அந்த நோக்கத்தை மாற்றியவர் பக்கத்து நாடான பின்லாந்தின் ஊனோ சிக்னேயுஸ் (1810-1888). அலாஸ்காவின் சிட்காவில் பாதிரியாராகப் பணியாற்றியவர். பிறகு பின்லாந்தின் தொடக்கக் கல்வி முறையை வகுக்கும் பொறுப்பை ஏற்றார். பெஸ்டலோசி, ஃப்ரோபல் ஆகிய கல்வியாளர்களின் எழுத்துகளில் தோய்ந்தவர். கைவேலை தொழில் கற்பிப்பதற்கான பாடம் என்பதை அவர் ஏற்கவில்லை. கண்ணும் கையும் மனமும் சேர்ந்து வளர்வதற்கான பாடம் அது என்றார். 1863இல் யுவாஸ்கூலா நகரில் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அதைப் பாடமாக வைத்தார். 1866ஆம் ஆண்டுச் சட்டம் பின்லாந்தின் பொதுப்பள்ளிகளில் கைவேலையைக் கட்டாயமாக்கியது. ஒரு நாட்டின் பொதுக்கல்வியில் கைவேலை இப்படி இடம் பெற்றது அதுவே முதல் முறை.

நேஸ் பள்ளி

கோத்தன்பர்க் நகரின் வணிகர் ஆகஸ்ட் ஆபிரகாம்சன், 1868இல் ஓர் ஏரிக்கரையில் இருந்த நேஸ் என்னும் பண்ணையையும் மாளிகையையும் வாங்கினார். அடுத்த ஆண்டே அவர் மனைவி இறந்தார். பிள்ளைகள் இல்லாத அவர் தம் செல்வத்தைக் கல்விக்குச் செலவிட முன்வந்து, நிர்வாகத்தை மருமகன் முறையான ஓட்டோ சாலமனிடம் (1849-1907) ஒப்படைத்தார். 1872இல் அங்கே சிறுவர்களுக்கான கைவேலைப் பள்ளி தொடங்கியது. சில ஆண்டுகளில் ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்தது.

1877இல் சாலமன் பின்லாந்து சென்று சிக்னேயுஸைச் சந்தித்தார். அந்தப் பயணம் அவர் பாதையைத் திருப்பியது. அதன்பின் நேஸில் கற்பித்த ஸ்லாய்டின் நோக்கம் பிள்ளையை வளர்ப்பதே ஆனது. அதே ஆண்டில் ஸ்வீடன் நாடாளுமன்றமும் பள்ளிகளில் கைவேலைக்கு மானியம் ஒதுக்கியது.

சாலமன் வகுத்த முறை தெளிவானது. எளியதிலிருந்து கடினமானதற்கு, தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு என்ற வரிசையில் மாதிரிப் பொருள்களை அடுக்கினார். சிறு குச்சியைச் சீவுவதில் தொடங்கி, செடிக்கு ஊன்றும் கோல், கரண்டி, கோடரிக் காம்பு என்று ஏறி, மூட்டு வைத்துச் சேர்க்கும் சாமான்களில் அந்த வரிசை முடியும். முதற்கருவி கத்தி. நாட்டுப்புறப் பிள்ளைக்கு ஏற்கெனவே பழகிய கருவி கத்திதான் என்பது அவர் சொன்ன காரணம். செய்யும் பொருள் வீட்டில் பயன்பட வேண்டும். ஆடம்பரப் பொருள் கூடாது. ஒரு பொருளை ஒரே பிள்ளை முதலிலிருந்து கடைசிவரை தானே முடிக்க வேண்டும். ஆசிரியர் அதில் கத்தி வைக்கக் கூடாது. செய்து முடித்த பொருள் பிள்ளைக்கே சொந்தம். பாடம் நடத்துபவர் வகுப்பாசிரியராக இருக்க வேண்டும். தச்சுத் தொழிலாளியைக் கொண்டு நடத்தினால் பொருள் நேர்த்தியாகும், கல்வி பின்னுக்குப் போகும் என்று அவர் கருதினார்.

இந்த விதிகளில் பழைய அடுப்படி வழக்கம் அப்படியே வாழ்வதைப் பார்க்கலாம். பயன்படும் பொருள், முழுமையாகத் தன் கையால் செய்தது, வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாயிடம் கொடுப்பது: கரண்டி பழைய கரண்டிதான். மதிப்பு மட்டும் பொருளிலிருந்து செய்தவர் பக்கம் நகர்ந்தது. கோணாத விளிம்புக்காகத் திரும்பத் திரும்பச் சீவும் பிள்ளை, பொறுமையையும் துல்லியத்தையும் தன் தவறைத் தானே கண்டு திருத்துவதையும் கற்கிறது என்பதே சாலமனின் வாதம்.

நேஸில் நடந்த சில வாரப் பயிற்சிகளுக்குப் பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வந்தார்கள். அங்கே பயின்ற குஸ்டாஃப் லார்சன் 1880களின் இறுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஸ்லாய்டுப் பயிற்சிப் பள்ளியை நடத்தத் தொடங்கினார். பெண் குழந்தைகளுக்கான நூல்வேலைப் பாடத்தை ஸ்டாக்ஹோமில் ஹுல்டா லுண்டின் இதேபோல் படிப்படியான முறையாக வகுத்தார். 1898இல் ஆபிரகாம்சன் இறந்தபோது நேஸ் அவருடைய விருப்பப்படி அரசுக்குச் சேர்ந்தது.

பழம்பொருள் பேணல்

பள்ளி ஒருபுறம் இருக்க, பழைய வீட்டுக் கைவேலையைக் காக்கும் முயற்சியும் நடந்தது. ஆர்தர் ஹாசேலியுஸ் 1873இல் ஸ்டாக்ஹோமில் நாட்டுப்புறப் பொருள்களின் அருங்காட்சியகத்தையும், 1891இல் ஸ்கான்சன் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தையும் தொடங்கினார். லில்லி சிக்கர்மன் 1899இல் ஸ்வீடிய வீட்டுக் கைவேலைச் சங்கத்தை நிறுவினார். நல்ல பொருளுக்கு நல்ல விலை, செய்தவருக்கு உரிய கூலி என்பது சங்கத்தின் கொள்கை. பிறகு பல ஆண்டுகள் நாடு முழுவதும் அலைந்து, பழைய துணிவகைகளைப் படமெடுத்து ஆவணப்படுத்தினார். அந்தத் தொகுப்பு இன்றும் நெசவாளர்களுக்கு வழிகாட்டுகிறது.

இந்தியத் தொடர்பு

தாகூரின் சாந்திநிகேதனிலிருந்து லட்சுமீஸ்வர் சின்கா 1920களின் பிற்பகுதியில் ஸ்வீடனுக்குச் சென்று நேஸில் ஸ்லாய்டு பயின்றார். 1937இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலையே மையமாகக் கொண்டது. தமிழ்நாட்டின் ஆதாரப் பள்ளிகளில் பிள்ளைகள் தக்ளியில் நூல் நூற்றது அந்தத் திட்டத்தின்படிதான். ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பிள்ளைகள் செய்யும் பொருளின் வருமானத்தால் பள்ளியின் செலவு ஈடாக வேண்டும் என்று காந்தியடிகள் எதிர்பார்த்தார். சாலமன் பொருளின் விற்பனையைப் பாடத்தின் நோக்கமாக வைக்கவில்லை.

1953இல் சென்னை மாநிலத்தில் வந்த தொடக்கக் கல்வித் திட்டம் இன்னொரு வழியில் சென்றது. பாதி நாள் பள்ளி, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழில் என்று அது வகுத்தது. பிறப்பையும் தொழிலையும் கட்டிப்போடும் குலக்கல்வி என்று மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954இல் அது கைவிடப்பட்டது. தச்சர் மகன் மட்டும் உளி பிடிப்பது ஸ்லாய்டின் கொள்கைக்கு நேர் எதிரானது. வணிகர் மகளும் ஆசிரியர் மகனும் உழவர் பிள்ளையும் ஒரே மேசையில் ஒரே கரண்டியைச் செதுக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

இன்றைய நிலை

1955இல் ஸ்வீடனில் ஸ்லாய்டு கட்டாயப் பாடமானது. நீண்ட காலம் சிறுவர்களுக்கு மரவேலையும் சிறுமிகளுக்குத் துணிவேலையும் என்று பிரிந்திருந்தது. 1960களின் பாடத்திட்டச் சீர்திருத்தங்கள் அந்தப் பிரிவை நீக்கி, இருவரும் இரண்டையும் கற்கும்படி செய்தன. இன்று பள்ளிப் பட்டறையில் ஒரு சிறுவன் தைத்த பையையும், ஒரு சிறுமி இழைத்த பெட்டியையும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது இயல்பான காட்சி.

கரண்டியும் வாளியும் கடையில் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் அவற்றைச் செய்யும் பாடத்துக்கு நூற்றாண்டைக் கடந்தும் ஒரு நாடு நேரம் ஒதுக்குகிறது. பொருளுக்கான தேவை தீர்ந்த பின்னும், அதைச் செய்யும் கைக்கும் மனத்துக்கும் பயிற்சியின் தேவை தீரவில்லை என்பதே ஸ்லாய்டின் வரலாறு நிறுவும் உண்மை.