வெளுத்த பம்பர்
அம்பாசிடர், பத்மினி ஓடிய நாளில் பம்பர் என்றால் குரோம் பூசிய இரும்புதான். தேய்த்தால் முகம் பார்க்கலாம். பிரான்ஸில் 1972-லேயே ரெனோ 5 பிளாஸ்டிக் பம்பரோடு வந்துவிட்டது. நம்மூரில் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-க்குப் பிறகுதான் இரும்பின் பிடி தளர்ந்தது. கூடவே, வெளுத்த கறுப்பு பிளாஸ்டிக்கை மறுபடி கறுப்பாக்கும் வேலையும் பட்டறைக்கு வந்தது.

வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் மேல்தோலை அரிக்கும். விரல் வைத்தால் சாம்பல் பூத்த மாதிரி ஒட்டும். நான் தொழில் பழகிய இடத்தில் தேங்காய் எண்ணெய், செருப்பு பாலிஷ், டீசல் எல்லாம் பூசினார்கள். ஒரு மழைக்குத் தாங்காது, புழுதி வேறு அப்பிக்கொள்ளும். டீசல் பட்ட கதவு பீடிங் ரப்பரோ ஊறி உப்பிவிடும். அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. சிலிகான் டிரெஸ்ஸிங் வந்தது பிற்பாடுதான். நடுவில் பம்பருக்கும் பாடி நிறமே அடித்தார்கள். இப்போது எஸ்யூவி சக்கர வளைவெல்லாம் மறுபடி கறுப்பு பிளாஸ்டிக். எனக்கு வேலை ஓடுகிறது.