இரண்டு கம்பிகளின் கழித்தல் கணக்கு



திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் மின்சார ரயிலில் எல்லோரும் போயிருப்பீர்கள். தலைக்கு மேலே 25,000 வோல்ட். அந்த மின்னோட்டம் தண்டவாளம் வழியாகவும் மண் வழியாகவும் திரும்பிப் போகிறது. அதே மண்ணுக்குள் புதைந்த கேபிளில், சில வோல்ட், சில மில்லிவோல்ட் அளவில் சிக்னல்கள் ஓடுகின்றன. திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் கிசுகிசுப்பது போலத்தான். அது எப்படிக் கேட்கிறது? அந்தக் கதையைச் சொல்கிறேன்.

1856 ஜூலை 1-ல் நம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது. அந்தக் காலத் தந்திக்குப் பெரும்பாலும் ஒரே கம்பிதான். திரும்பும் பாதை பூமி. செலவு பாதி. 'கட்டு, கடகட' என்று வரும் தந்திக்கு அது போதும். கொஞ்சம் இரைச்சல் கலந்தாலும் எழுத்து புரிந்துவிடும்.

1882 ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், மதராஸ் நகரங்களில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் திறக்கப்பட்டன. டெலிபோனில் வருவது மிகச் சிறிய மின்னோட்டம். கேட்பதோ மனிதக் காது. பூமியில் ஓடும் எல்லாச் சத்தமும் அதில் வந்து விழும். 1895-ல் மதராஸில் மின்சார டிராம் ஓடியது. உலகின் பல நகரங்களில் டிராம் மின்சாரம் தண்டவாளம் வழியே திரும்பியபோது, ஒற்றைக் கம்பி டெலிபோன்கள் இரைந்தன. வழி ஒன்றுதான்: பூமியை விட்டுவிட்டு, திரும்புவதற்கும் தனிக் கம்பி போடுவது. கிரகாம் பெல் 1881-லேயே இரண்டு கம்பிகளையும் முறுக்கிப் போடும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்.

ஏன் முறுக்க வேண்டும்? கணக்காகவே பாருங்கள். ஒரு கம்பியில் +1, மற்றதில் −1 என்று சிக்னலை அனுப்புகிறோம். வழியில் 5 அளவு இரைச்சல் சேர்கிறது. முறுக்கியிருப்பதால் இரண்டு கம்பியும் மாறி மாறி இரைச்சலுக்குப் பக்கத்தில் வரும். ஆகவே இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு சேரும். போய்ச் சேரும்போது 6, 4. கழித்தால் 2. இரைச்சல் போய்விட்டது, சிக்னல் இரட்டிப்பாக நிற்கிறது!

இந்தக் கழித்தலை முதலில் டிரான்ஸ்பார்மர் செய்தது. 1936-ல் ஆலன் புளும்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், டெலிவிஷன் படத்தைக் கேபிளில் கொண்டுபோகும் வேலைக்காக, இரண்டு வால்வுகளை ஜோடியாக இணைத்து வித்தியாசத்தை மட்டும் பெருக்கும் சர்க்யூட்டை அமைத்தார். நீங்கள் லேபில் பார்த்த ஆப்-ஆம்ப்பின் முதல் படி இன்றும் அந்த ஜோடியின் வாரிசுதான்.

நம் ஊருக்கு வருவோம். 1979 ஏப்ரலில் சென்ட்ரல்–கும்மிடிப்பூண்டி தடம் மின்மயமானது. 25 கிலோவோல்ட் தடத்துக்கு இணையாகச் செல்லும் கம்பிகளில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் தூண்டப்படும். அதனால் இத்தகைய தடங்களில் தொலைத்தொடர்புக் கம்பிகளைக் கம்பத்திலிருந்து இறக்கி, முறுக்கிய கம்பிகள் கொண்ட, கவசமிட்ட கேபிளாகப் புதைப்பார்கள்.

அந்தக் கேபிள்களில் போகும் செய்திகளில் ஒன்று ஆக்சில் கவுண்டருடையது. தண்டவாளத்தின் ஒரு பக்கம் ஒரு சுருள் அலை அனுப்பும். மறுபக்கச் சுருள் வாங்கும். சக்கரம் கடக்கும்போது அலை மாறும். அதுவே ஒரு துடிப்பு. இந்தியாவில் இதற்கு 5,000 ஹெர்ட்ஸ் அலையைப் பயன்படுத்தினார்கள். 50 ஹெர்ட்ஸிலிருந்து வெகு தூரம் தள்ளி. உள்ளே போன அச்சுகளும் வெளியே வந்த அச்சுகளும் சமமானால்தான் தடம் காலி. இரைச்சலால் ஒரு எண்ணிக்கை பிசகினால் சிவப்பு விளக்கு விழுந்து ரயில் நிற்கும். ஆபீசுக்குப் போகிறவர்கள் திட்டுவார்கள். ஆனால் உயிர் போகாது. கணக்கு சந்தேகமானால் 'ஆள் இருக்கிறது' என்றே கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. இரண்டு கம்பியும் சமமாக இருந்தால்தான் கழித்தல் பலிக்கும். எண்ணூர்க் கடற்காற்றின் உப்பு ஒரு கம்பியின் இணைப்பை மட்டும் அரித்தால் அதன் மின்தடை கூடும். அப்போது 5-ம் 5-ம் ஆக இருந்த இரைச்சல் 5, 4 ஆகிவிடும். மீதமுள்ள 1 சிக்னல் வேடம் போட்டு வந்து நிற்கும். எவ்வளவு நல்ல ஆம்ப்ளிஃபையராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

துறைமுகத்திலும் மின்நிலையங்களிலும் ரயில்வேயிலும் வேலை பார்க்கும் என் பிள்ளைகளே, கருவியை மாற்றுவதற்கு முன் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து, பச்சை பூத்த முனை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மழையிலும் இரவிலும் அந்தப் பெட்டிகளைத் திறந்து துடைத்து இறுக்கும் ஊழியர்களால்தான் இந்தக் கணக்கு இன்றைக்கும் சரியாக வருகிறது.