கார்டு டோக்கன் முறை

கைபேசிச் செயலியில் டெபிட், கிரெடிட் கார்டு எண்ணைச் சேமிக்காமல், அதற்கு ஈடாக டோக்கன் எனும் வேறோர் எண்ணை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. இந்திய ரிசர்வ் வங்கி 2019 ஜனவரியில் இதை அனுமதித்தது. 2021 செப்டம்பரில் வணிகர்கள் சேமித்துவைக்கும் கார்டுகளுக்கும் விரிவுபடுத்தியது. 2022 அக்டோபர் 1 முதல், கார்டு வழங்கிய வங்கியும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்புகளும் தவிர வேறெவரும் முழு எண்ணை வைத்திருக்கக் கூடாது.

வாடிக்கையாளர் சம்மதித்து ஓடிபி கொடுத்த பிறகே டோக்கன் உருவாகும். ஒரே கார்டுக்கு மளிகைச் செயலியில் ஒரு டோக்கன், டாக்சிச் செயலியில் இன்னொன்று. ஒன்றில் திருடியது மற்றொன்றில் செல்லாது. முறையின் பலமே இதுதான். திரையில் தெரியும் கடைசி நான்கு இலக்கங்கள் வெறும் அடையாளத்துக்கு. சிவிவி எண்ணையோ, பணம் செலுத்த ஒப்புதல் கிடைத்தபின் வணிகர் சேமிக்கவே கூடாது என்கிறது பிசிஐ டிஎஸ்எஸ் எனும் கார்டுத் தரவுப் பாதுகாப்புத் தரநிலை; குறியாக்கம் செய்து வைத்தாலும் குற்றம் குற்றமே.

ஆசைகாட்டி ஓடிபியைக் கறப்பவர்களிடம் டோக்கன் பலிக்காது. வேண்டாத டோக்கனை வாடிக்கையாளர் நீக்கிக்கொள்ளலாம். இச்சேவைக்குக் கட்டணம் கிடையாது.