ஒரு ஹாக்கி ஆட்டமும் பத்து ரூபாய் ஒப்பந்தமும்

2023 ஆகஸ்ட் 12. சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி இறுதி ஆட்டம். இடைவேளையில் மலேசியா 3, இந்தியா 1. மூன்றாவது கால்பகுதி முடியும் நேரத்தில் ஒரே நிமிடத்தில் இந்தியா இரண்டு கோல் போட்டது. 56-வது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் இன்னொன்று. 4-3, கோப்பை இந்தியாவுக்கு!

இந்த ஆட்டத்துக்கு ஒரு கணிப்புச் சந்தை இருந்ததாகக் கற்பனை செய்து பாருங்கள். கேள்வி ஒன்றுதான்: "இந்தியா வெல்லுமா?" ஒருவர் 6 ரூபாய் கொடுத்து 'ஆம்' வாங்குகிறார். எதிரில் ஒருவர் 4 ரூபாய் கொடுத்து 'இல்லை' வாங்குகிறார். மொத்தம் 10 ரூபாய். ஆட்டம் முடிந்ததும் சரியாகச் சொன்னவருக்கு அது போய்ச் சேரும். நடத்துகிற நிறுவனம் கமிஷன் எடுத்துக்கொள்ளும். 'ஆம்' 6 ரூபாய்க்கு விற்றால், இந்தியா வெல்ல 60 சதவீத வாய்ப்பு என்று சந்தை நினைப்பதாக அர்த்தம். 1-3 என்று இருக்கும்போது விலை 2 ரூபாய்க்கு விழலாம். அந்த நேரத்தில் வாங்கியவர் 3-3 ஆனதும் விற்றுவிட்டு வெளியேறலாம், கடைசி விசில் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பங்குச் சந்தை மாதிரியேதான். ஷூட் அவுட்டில் வென்றாலும் வெற்றியா என்பதை மட்டும் முதலிலேயே எழுதி வைக்க வேண்டும், இல்லையென்றால் சண்டைதான்.

விஷயம் புதிதல்ல. கல்கத்தா வியாபாரிகள் மழை வருமா வராதா என்று பந்தயம் கட்டினார்கள். 1897-ல் வங்காள அரசு தனிச் சட்டம் போட்டுத் தடுத்தது. பம்பாயில் நியூயார்க் பருத்தி விலை மீது கட்டினார்கள். 1960-களில் அந்த விலை வருவது நின்றதும், பானையில் சீட்டு போட்டு எண் எடுத்தார்கள். மட்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான். பருத்தியே இல்லாமல் பருத்திப் பந்தயம் நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஜவ்வாது மலையில் மழையை நம்பிச் சாமை விதைப்பவரை எடுத்துக்கொள்வோம். மழை பொய்த்தால் அவருக்கு உண்மையிலேயே நஷ்டம். அவர் பணம் கட்டிப் பாதுகாப்பு தேடினால் அது காப்பீடு. கல்கத்தா பந்தயக்காரருக்கோ பந்தயம் கட்டும்வரை நஷ்டமே கிடையாது. பி.காம். பாடத்தில் 'இன்ஷூரபிள் இன்ட்ரஸ்ட்' என்று சொல்வது இதைத்தான். ஹாக்கி ஒப்பந்தம் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது வகை.

1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு, பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஜெயித்த பணத்துக்கு வழக்குப் போட முடியாது. ஆனால் செல்லாதது எல்லாம் சட்டவிரோதம் ஆகாது என்று 1959-ல் கேருலால் பரக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1996-ல், தமிழ்நாட்டின் குதிரைப் பந்தயத் தடை பற்றிய வழக்கில், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. அதன்பின் எல்லோரும் பிடித்துக்கொண்ட வார்த்தை 'திறமை'. 10 ரூபாய் ஒப்பந்தங்களை நடத்திய புரோபோ நிறுவனமும் அதையே சொன்னது.

2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் அந்த வாதத்தையே ஓரம் கட்டியது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாம் தடை. புரோபோ பண ஆட்டத்தை நிறுத்தியது. குதிரைப் பந்தயத்தில் 500 ரூபாய்க்குக் குறையாத பரிசுக்குப் பணம் சேர்ப்பது மட்டும் செல்லும் என்கிற பழைய விதிவிலக்கு, 30-வது பிரிவில் இன்னும் அப்படியே இருக்கிறது.