அகராதியை மனப்பாடம் செய்த பிள்ளைகள்



அமெரிக்காவில் மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வைப் பற்றி, அதிலும் அதன் ஆங்கிலச் சொற்களைப் பற்றி, ஒரு பழைய ஆங்கில வாத்தியாராக எழுத வேண்டும் என்று நெடுநாள் ஆசை. "வெறும் மனப்பாடம்" என்று பலர் அதைக் கேலி செய்வார்கள். அந்தக் கேலி பாதி நியாயம், பாதி அநியாயம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1937 தொடக்கத்தில் சென்னை கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு நம் தாம்பரத்துக்குக் குடிவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா ஆகிய 4 பல்கலைக்கழகங்களில், கார்னகி அறக்கட்டளையின் துணையோடு, ஜி.ஆர்.இ. முதன்முதலாக நடத்திப் பார்க்கப்பட்டது. அப்போது இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 1948இல் தேர்வு ஈ.டி.எஸ். நிறுவனத்தின் கைக்குப் போனது. 1965இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைத் தளர்த்தியது. இங்கே 1949இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யும், 1959இல் கிண்டியில் ஐ.ஐ.டி.யும் வந்துவிட்டன. கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலோ 1931 முதலே ஓடிக்கொண்டிருந்தது. படித்த பிள்ளைகள், போக ஒரு நாடு, நடுவில் ஒரு தேர்வு. தொடர்பு ஏற்பட்டுவிட்டது.

கணக்கில் நம் பிள்ளைகள் சோடைபோகவில்லை. உதைத்தது ஆங்கிலப் பகுதி. அன்றைய தேர்வில் ஒரு சொல்லைக் கொடுத்து அதன் எதிர்ச்சொல்லைக் கேட்பார்கள். அல்லது இரண்டு சொற்களைக் கொடுத்து, அதே உறவுள்ள வேறு இரண்டைத் தேடச் சொல்வார்கள்: தச்சருக்கு உளி என்றால் உழவருக்கு ஏர் என்பதுபோல. முன்பின் வாக்கியம் எதுவும் இருக்காது. சொல் தெரிந்தால் மதிப்பெண், தெரியாவிட்டால் கோவிந்தா.

ஆகவே எல்லோரும் பிடித்துக்கொண்டது பாரன்ஸ் புத்தகத்தின் சொற்பட்டியலை. 3,500 சொற்கள், 50 பட்டியல்கள். அண்ணன் படித்ததைத் தம்பி படிப்பான், பிறகு பக்கத்துத் தெருவுக்குப் போகும். சின்ன அட்டையில் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள், ரப்பர் பேண்டு போட்டுச் சட்டைப் பையில். தாம்பரத்தில் ரயில் ஏறினால் மாம்பலம் வருவதற்குள் ஒரு பட்டியலை முடித்துவிட வேண்டும் என்று சபதம். பட்டியலின் முதல் பக்கத்திலேயே 'அபேஸ்' என்ற சொல் இருக்கும். நம்மூரில் அதற்கு லவட்டிக்கொண்டு போவது என்று பொருள், ஆங்கிலத்தில் இழிவுபடுத்துவது. அந்த ஒரு சொல்லை மட்டும் எந்தப் பிள்ளையும் மறந்ததில்லை!

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிகண்டு ஞாபகம் வரும். நம் திண்ணைப் பள்ளிகளில் சொல்வளம் மனப்பாடத்தில்தான் வளர்ந்தது. திவாகரம், பிங்கலந்தை, பிறகு மண்டலபுருடரின் சூடாமணி. 1849இல் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அச்சியந்திரம் வாங்கச் சென்னை வந்தபோது, இங்கே அச்சிட்டவற்றில் ஒன்று சூடாமணி நிகண்டின் உரை. அவ்வளவு தேவை இருந்தது.

ஆனால் நிகண்டு சொற்களை அகர வரிசையில் அடுக்கவில்லை. தெய்வப் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று பொருளால் கூட்டியது. யானை என்றால் களிறு, வேழம், கரி எல்லாம் ஓரிடத்தில் நிற்கும். செய்யுளாக இருப்பதால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். அகர வரிசையில் அமைந்தது 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி. அது வேண்டும்போது எடுத்துத் தேடுவதற்கு.

நிகண்டு மனப்பாடத்துக்கு, அகராதி தேடலுக்கு. நம் பிள்ளைகளுக்கு வாய்த்ததோ அகராதியை மனப்பாடம் செய்யும் வேலை. பலருக்கு ஏ, பி எழுத்துகள் தலைகீழ்ப் பாடம், எஸ் எழுத்துக்கு வருவதற்குள் தேர்வு வந்துவிடும். கேலியில் நியாயமான பாதி இதுதான்.

அநியாயமான பாதி எது? வீட்டில் ஆங்கில நாளிதழ் வராத, நாவல் ஒன்றும் இல்லாத பிள்ளைக்கு அந்தப் பட்டியல் ஒரு ஏணி. கான்வென்ட் பிள்ளை பத்து வருடம் கதைப்புத்தகம் படித்துச் சேர்த்த சொற்களை, தமிழ்வழியில் படித்த பிள்ளை ஆறு மாத உழைப்பில் எட்டிப் பிடிக்கலாம். எதிர்ச்சொல் கேள்வி நீ எந்த வீட்டிலிருந்து வருகிறாய் என்று கேட்காது. கூடுவாஞ்சேரி, வண்டலூர் பக்கமிருந்து அப்படி உழைத்துப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

2011 ஆகஸ்டில் தேர்வு மாறியது. எதிர்ச்சொல்லும் சொல்லுறவும் நீங்கின. வாக்கியத்தில் கோடிட்ட இடத்தை நிரப்புதல் தொடர்ந்தது, ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களைத் தேர்ந்தெடுத்தல் புதிதாக வந்தது. 2023 செப்டம்பர் முதல் தேர்வு இரண்டு மணி நேரத்துக்குள் சுருங்கிவிட்டது, மொழிப் பகுதியில் 27 கேள்விகள்தான். கொரோனாவுக்குப் பின் பல பல்கலைக்கழகங்கள் இந்த மதிப்பெண்ணைக் கட்டாயமாகக் கேட்பதும் இல்லை.

சொல்லை வாக்கியத்தில் வைத்துக் கேட்பது நல்ல கல்விமுறை, மறுக்கவில்லை. ஆனால் நடை, தொனி, கிண்டல் எல்லாம் புரிந்தால்தான் விடை வரும். அது வாசித்து வளர்ந்த பிள்ளைக்கே எளிது. பழைய ஏணியை எடுத்துவிட்டோம், புதிய ஏணி எங்கே? அதைத் தர வேண்டியவை நம் பள்ளி நூலகங்கள். பூட்டிய பீரோவுக்குள் புத்தகம் இருந்து என்ன பயன்?

இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பட்டியலைத் தூக்கிப் போடாதீர்கள், நிகண்டு போல அடுக்கிக்கொள்ளுங்கள். வாயாடிக்கு காருலஸ், லொக்வேஷியஸ், வோலுபிள். எதிரே, அதிகம் பேசாதவருக்கு டாசிடர்ன், லகானிக். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம், உங்கள் தெருவில் உள்ள ஒருவரை நினைத்து எழுதுங்கள். தினமும் ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்றை வாய்விட்டுப் படியுங்கள். ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களைக் கேட்டால், அந்தக் கூட்டம் உங்கள் மனத்தில் ஏற்கெனவே சேர்ந்து நிற்கும்.

வீட்டில் பழைய சொற்பட்டியல் புத்தகம் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். பக்கத்தில் ஏதாவது ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள், கூடவே ஒரு ஆங்கிலக் கதைப்புத்தகமும்.