பண்டாரநாயக்கா, எஸ். டபிள்யூ. ஆர். டி. (1899–1959)

இலங்கையின் நான்காவது பிரதமர். ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் நிறுவனர். பிரித்தானியக் கடற்படையைத் திருகோணமலையிலிருந்து வெளியேற்றியவர் அவரே. அந்தத் துறைமுகத்தைச் சுற்றி வாழ்ந்த தமிழரின் மொழியை அரச வாசலுக்கு வெளியே நிறுத்திய சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய சீனன்குடாவின் அண்மைக்கால வரலாற்றை இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1899 ஜனவரி 8ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தை மகா முதலியார். குடும்பம் அங்கிலிக்கன் கிறிஸ்தவம். ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வேயின் பெயரே பிள்ளைக்கும் சூட்டப்பட்டது. ஒக்ஸ்போர்ட்டில் படித்து 1925இல் நாடு திரும்பியவர் பௌத்தத்தைத் தழுவி, தேசிய உடைக்கு மாறினார். மறு ஆண்டே, பல இனங்கள் வாழும் இலங்கைக்குச் சமஷ்டி ஆட்சிதான் பொருந்தும் என்று எழுதியும் பேசியும் வந்தார். யாழ்ப்பாணத்திலும் அதையே சொன்னார்.

அந்த ஆண்டுகளில் துருக்கியில் கமால் அத்தாதுர்க்கின் சீர்திருத்தங்கள் நடந்துகொண்டிருந்தன. 1928இல் அரபு எழுத்து போய் லத்தீன் எழுத்து வந்தது. தாய்மொழிக்கு அரியணை கிடைத்த அதே குடியரசில் குர்து மொழிக்குப் பொதுவாழ்வில் இடமில்லாமல் போயிற்று. மூன்று பத்தாண்டுகளுக்குப் பின் இலங்கையும் இதே முடிச்சில் சிக்கியது.

1956 தேர்தலில் பண்டாரநாயக்காவின் மக்கள் ஐக்கிய முன்னணி 95 இடங்களில் 51ஐப் பிடித்தது. ஆங்கிலம் அறியாத கிராமத்து ஆசிரியரும் ஆயுர்வேத வைத்தியரும் விவசாயியும் முதன்முறையாகத் தங்கள் அரசு என்று சொல்லிக்கொண்டார்கள். 1958இல் பஸ் சேவை அரசுடைமையானது. ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும், குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பளித்த நெற்காணிச் சட்டமும் வந்தன. தமிழ்த் தொழிலாளிக்கும் பயன் தந்த சட்டங்கள் இவை.

ஆனால் 1956 ஜூனில் நிறைவேறிய ஆட்சிமொழிச் சட்டம் சிங்களத்தை மட்டுமே ஆட்சி மொழியாக்கியது. காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சியினர் தாக்கப்பட்டனர். ஓகஸ்டில் அக்கட்சி தன் மாநாட்டைத் திருகோணமலையில் கூட்டி, சமஷ்டியையும் தமிழுக்குச் சம உரிமையையும் கேட்டது. தமிழ்ப் பகுதிகளில் அரச குடியேற்றங்களை நிறுத்தும்படியும் கோரியது.

சீனன்குடாவில் இரண்டாம் உலகப் போரின் தடம் இன்னும் அழியவில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது பற்றி எரிந்த எண்ணெய்த் தாங்கி ஒன்றின் உருகிச் சுருண்ட இரும்பு, காட்டுக்குள் துருவேறிக் கிடக்கிறது. சுதந்திரத்துக்கு முன்பே, 1947இல் செய்த பாதுகாப்பு உடன்படிக்கையின் பலத்தில் பிரித்தானியப் படை இங்கே நிலைத்திருந்தது. பண்டாரநாயக்கா லண்டனில் பேசி அதற்கு முடிவு கட்டினார். 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி திருகோணமலைக் கடற்படைத் தளமும், நவம்பர் 1ஆம் திகதி கட்டுநாயக்க விமானத் தளமும் இலங்கையின் கைக்கு வந்தன. சீனன்குடா விமானத் தளத்தில் இன்று விமானப்படைக் கழகம் இயங்குகிறது.

தளம் கைமாறியதால் வேலை இழந்தவர்கள் துறைமுகத் தொழிலாளர். அவர்களுள் 400 வரையான தமிழருக்குப் பதவியாவில் காணி கொடுத்துக் குடியமர்த்த அரசு எண்ணியது. சிங்களக் குடியேற்றவாசிகள் எதிர்த்துத் திரண்டார்கள். திட்டம் அதோடு நின்றது. 1958 மே மாதம் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்கு முன்பு வடமத்திய மாகாணத்தில் மூண்டிருந்த பகைக்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் கலவரத்தைத் தடுத்திருக்கக்கூடிய ஒரு தாள் கையில் இருந்தது. 1957 ஜூலை 26ஆம் திகதி தமிழரசுக் கட்சித் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தோடு பண்டாரநாயக்கா செய்த ஒப்பந்தம், வடக்குக்கு ஒரு பிரதேச சபையும் கிழக்குக்கு இரண்டோ அதற்கு மேலோ சபைகளும் அமைய வழிசெய்தது. குடியேற்றக் காணி யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரமும் அச்சபைகளுக்கே. 1958 ஏப்ரல் 9ஆம் திகதி பிக்குகள் அவருடைய ரொஸ்மீட் பிளேஸ் வீட்டின் முன் அமர்ந்தார்கள். அன்றே ஒப்பந்தம் கைவிடப்பட்டது.

அதே வீட்டில், 1959 செப்டம்பர் 25ஆம் திகதி, சோமாராம என்ற பிக்கு அவரைச் சுட்டார். மறுநாள் உயிர் பிரிந்தது. கலவரத்துக்குப் பின் அவர் நிறைவேற்றிய தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்துக்கு 1966இல்தான் விதிகள் கிடைத்தன. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சி மொழியாக்கியது. மறு ஆண்டு வடக்கு–கிழக்கு மாகாண சபை கூடிய இடம், திருகோணமலை.