ஐராவதி ஆற்றில் நம்மவர் போன நீராவிக் கப்பல்

கூமாப்பட்டிக்காரனுக்கும் பர்மாவின் ஐராவதி ஆற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் சிரிக்கலாம். நம்ம அர்ச்சுனா நதியில் பிளவக்கல் அணை திறந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் மணல். அதில் கப்பல் ஏது? ஆனால் மழை பொய்த்த காலங்களில் பிழைப்புத் தேடி, பழைய இராமநாதபுரம், திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து ரங்கூனுக்குக் கப்பலேறியவர்கள் ஏராளம். விருதுநகர்ப் பரோட்டாக் கடையில் 'பர்மா' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்களே, அது சும்மா வந்ததல்ல.

ரங்கூனில் இறங்கியவர்களை உள்நாட்டுக்குக் கொண்டுபோனவற்றுள் முக்கியமானவை ஐராவதி புளோட்டில்லா கம்பெனியின் நீராவிக் கப்பல்கள். 1865இல் தொடங்கிய இந்த ஸ்காட்லாந்துக் கம்பெனியிடம் 1920களின் கடைசியில் 600க்கும் மேற்பட்ட கலங்கள் இருந்தன. ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் பயணிகள் போய்வந்தார்கள். பெரிய கப்பல்களுக்கு இரு பக்கமும் ராட்சதச் சக்கரம். கொதிகலனின் நீராவி அதைச் சுழற்ற, சக்கரம் தண்ணீரைத் தள்ள, கப்பல் நகரும். மணல்திட்டு நிறைந்த ஆறாகையால் அடிப்பாகம் ஆழமில்லாமல் கட்டினார்கள். முன்னால் ஆட்கள் நின்று மூங்கில் கழியால் ஆழம் பார்த்துக் குரல் கொடுப்பார்கள்.

மேல்தட்டில் துரைமார்களுக்கு அறையும் சாப்பாட்டு மேசையும். நம்மாட்களுக்குத் திறந்த தட்டுதான்: பாயை விரித்து, மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுக்க வேண்டியது. கப்பல் ஒன்று, பயணம் இரண்டு!

இதே கப்பல்கள்தாம் 1885இல் ஆங்கிலப் படையை மாண்டலேக்குச் சுமந்தன. பர்மாவின் கடைசி மன்னர் தீபாவையும் ஆற்று வழியே கொண்டுவந்தன. அவரை முதலில் நம் சென்னையில் வைத்திருந்து, 1886இல் ரத்னகிரிக்கு அனுப்பினார்கள்.

1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. நாலைந்து லட்சம் இந்தியர் ஊர் திரும்பப் புறப்பட்டார்கள். மொனிவாவிலிருந்து சிந்துவின் ஆற்றில் கலேவா வரை கப்பலில் இடம் கிடைத்தவன் பாக்கியவான். அதற்கப்பால் தமு, மணிப்பூர் வரை மலைக்காட்டில் நடைதான். பசியிலும் காலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பல்லாயிரம். 1942 ஏப்ரல் கடைசியில், எதிரி கையில் சிக்கக்கூடாதென்று மாண்டலேயில் நின்ற கப்பல்களைக் கம்பெனியே ஆற்றில் மூழ்கடித்தது.

1947இல் கட்டிய 'பாண்டா' என்ற கப்பலை 1990களில் புதுப்பித்து, வெளிநாட்டார் உல்லாசப் பயணம் போனார்கள். மேல்தட்டுக் கதைகள் அழகழகான புத்தகங்களாக வந்துவிட்டன. கீழே பாய் விரித்துப் படுத்தவன் கதையை எழுதியது யார்?

நண்பர்களே, 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் நம்மிடையேயும் இருக்கலாம். வீட்டுப் பெரியவர்களிடம் எந்த ஊரில் இருந்தார்கள், எந்த வருஷம் வந்தார்கள், யார் யாரை வழியில் இழந்தார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பழைய போட்டோ இருந்தால் பின்பக்கம் பெயர்களைக் குறித்து வையுங்கள். அந்தத் தலைமுறை போய்க்கொண்டே இருக்கிறது. அவர்களும் போய்விட்டால் அப்புறம் கேட்க ஆளில்லை.